கிண்ணத்துக்குள் எட்டு வித்திகள்

அட்டன் பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் எங்களிடம் தரம் 10 இல் படிக்கிறாள். ஒக்டோபர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றோடு விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு வந்தாள்.

“டீச்சர், வாப்பாட கடைக்குச் சாமான் வாங்க வாற அக்கா ஒராள் தந்தது. இது என்ன நோயெண்டு கேட்டுச் சொல்லட்டாம்.”

பொட்டலத்துக்குள் உள்ளங்கை அகலத்தில் உக்கிப்போன மரத்துண்டு. அதன்மேல் செம்மஞ்சள் நிறத்தில் சிறு சிறு கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சிறியவை கடுகளவு, பெரியவை மிளகளவு.

அந்த அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நிர்வாகம் பராமரிப்புக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலைத் துண்டு ஒன்று அவர் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. கானோரத்தில் கிடந்த பழைய கட்டையில் இந்தச் சிவப்புக் கிண்ணங்கள் முளைத்திருக்கின்றன. அந்தக் கட்டைக்கு அருகிலேயே ஒரு தேயிலைச் செடி பட்டுப்போயிருக்கிறது. “நானா, இந்தச் செவப்புத்தான் செடிய தின்னுருச்சா? மத்த செடிக்கும் பரவுமா?” என்று கடையில் கேட்டிருக்கிறார்.

இது பொழுதுபோக்காகக் கேட்ட கேள்வியல்ல. வேர் நோய் என்று உறுதியானால் நோயுற்ற செடியை மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள செடிகளையும் வேரோடு பிடுங்க வேண்டிவரும். பிடுங்கிய இடத்தில் மீண்டும் கொழுந்து பறிக்கப் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் இந்தக் கேள்விக்குள் இருந்தது. ஆகவே ஊகித்து ஒரு பதில் சொல்லி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. நுணுக்குக்காட்டியை எடுத்து மேசையில் வைத்தோம்.

கிண்ணக் காளான் என்பது என்ன?

காளான் என்றதும் நமக்குக் குடை வடிவம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பங்கசுக்களில் பெரியதொரு கூட்டம் குடை பிடிப்பதில்லை. கிண்ணமாகவோ தட்டாகவோ விரிகிறது. சில அரை மில்லிமீற்றர்தான் இருக்கும். சில தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு வளரும். உக்கிய மரம், காய்ந்த சுள்ளி, விழுந்த இலை, மாட்டுச் சாணம், ஈர மண் என எங்கும் இவற்றைக் காணலாம். மூடுபனியும் தூறலும் நிறைந்த நமது மலைநாட்டில், குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இவை கிடைக்காத மாதம் அரிது.

கிண்ணத்தின் உட்பக்கம்தான் இதில் முக்கியமானது. அங்கே நுண்ணிய பைகள் இலட்சக்கணக்கில், பெட்டியில் அடுக்கிய தீக்குச்சிகளைப்போல நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் பெரும்பாலும் எட்டு வித்திகள் இருக்கும். பைகளுக்கு இடையில் வித்தி தராத மெல்லிய இழைகள் நிற்கும். பை முற்றியதும் நீரை உறிஞ்சி உப்பி, அழுத்தம் தாங்காமல் நுனி திறந்து, எட்டு வித்திகளையும் காற்றில் எறிகிறது. பெரிய கிண்ணக் காளான் ஒன்றின்மேல் மெதுவாக ஊதிப் பாருங்கள். சில வினாடிகளில் மெல்லிய புகைபோல ஒன்று எழும்பும். அந்தப் புகை முழுவதும் வித்திகள்.

நிறம் ஏன் போதாது?

மாணவிகள் முதலில் செய்த வேலை, நிறத்தைப் பார்த்துப் பெயர் தேடியது. செம்மஞ்சள் நிறக் கிண்ணக் காளான்கள் உலகில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒரே காளான் வெயிலில் வெளிறும், மழையில் சிவக்கும், காய்ந்தால் சுருங்கி வேறொன்றுபோலத் தெரியும். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் பத்தில் ஒன்பது தடவை தவறிவிடுவோம்.

இதை நம் நாட்டின் சரித்திரமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தேயிலைக்கு முன்னர் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் தென்பட்டது. அப்போது பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர் துவைற்ஸ். அவர் அந்த இலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். பேர்க்லியும் அவரது தோழர் புரூமும் அந்தத் தூளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒவ்வொரு வித்தியும் தோடம்பழச் சுளையைப்போல வளைந்திருந்தது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முள்முள்ளாகவும் காணப்பட்டது. ஆகவே ‘பாதி வழுவழுப்பானது’ என்று பொருள்படும்படி ஹெமிலியா என்று பெயரிட்டார்கள். அதோடு சேர்த்த வஸ்டாட்ரிக்ஸ் என்ற சொல்லுக்கு ‘பாழாக்குபவள்’ என்று பொருள். பெயரின் முதற்பாதியைத் தந்தது வித்தியின் வடிவம். இரண்டாம் பாதி உண்மையென்பதை அடுத்த இருபது வருடங்கள் நிரூபித்தன.

1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு வயது 26. ஒட்டும் பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் வித்திகளைப் பிடித்தார். இலைமேல் உள்ள நீர்த்துளியில் வித்தி முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே நுழைவதைப் படிப்படியாகக் காட்டினார். காரணம் தெளிவாகியது, ஆனால் காலம் கடந்துவிட்டது. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, மலை முழுவதும் பரவியது. இன்று நம்மைச் சூழ்ந்திருக்கும் பச்சை மலைகளும், லயங்களும், தொழிற்சாலைகளும், அவற்றை நம்பி எழுந்த நகரக் கடைகளும் இந்த வடிவத்தை எடுத்ததில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்திக்கும் பங்குண்டு.

படிப்படியாகப் பார்த்தல்

இனி எங்கள் மேசைக்கு வருவோம். இதை வீட்டிலோ பாடசாலையிலோ யாரும் செய்யலாம். ஒழுங்குதான் முக்கியம்.

முதலாவது, வெட்டுவதற்கு முன் எழுத வேண்டும். எங்கே கிடைத்தது, எதன்மேல் வளர்ந்தது, நிறம் என்ன, அகலம் எத்தனை மில்லிமீற்றர், காம்பு உண்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் நல்லது. அதில் பார்த்தபோதே எங்கள் மாணவிகள் வியந்து போனார்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் கறுத்த, விறைப்பான உரோமங்கள், கண்ணிமை மயிர்களைப்போல வரிசையாக நின்றன. “டீச்சர், இதுக்கு சுர்மா போட்டு விட்ட மாதிரி!” என்றாள் ஒருத்தி.

இரண்டாவது, மெல்லிய துண்டு எடுக்க வேண்டும். புதிய சவர அலகினால் கிண்ணத்தை நேர்குத்தாக, பாணில் துண்டு வெட்டுவதுபோல, முடிந்தளவு மெல்லியதாக வெட்ட வேண்டும். இந்த வேலையைப் பெரியவர்கள் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். துண்டைக் கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரில் வைத்து, மேலே மெல்லிய மூடுகண்ணாடியை இட்டு, பென்சிலின் பின்முனையால் மெதுவாகத் தட்டினால் பைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.

முதலில் நீர் மட்டும் போதும். சாயம் வேண்டாம். சாயம் பட்டதும் உயிருள்ள கலங்கள் செத்துவிடும். வித்திக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள், இழைகளுக்குள் இருக்கும் நிறமணிகள் போன்றவை உயிருள்ளபோதுதான் சரியாகத் தெரியும். அவை பெயரறிய உதவும் அடையாளங்கள்.

மூன்றாவது, குறைந்த பெருக்கத்திலிருந்து கூடிய பெருக்கத்துக்குப் போக வேண்டும். 40 மடங்கில் கிண்ணத்தின் வெட்டுமுகம் தெரிந்தது. 100 மடங்கில் பைகள் வரிசையாகத் தெரிந்தன. 400 மடங்கில் எட்டு வித்திகளையும் எண்ண முடிந்தது. மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக எண்ணினார்கள். எல்லோருக்கும் எட்டு வந்ததும் வகுப்பில் ஒரு சந்தோஷ இரைச்சல்.

நான்காவது, பையின் நுனியைக் கவனிக்க வேண்டும். சில கிண்ணக் காளான்களில் பையின் நுனி, கேத்தலின் மூடியைப்போல ஒரு பக்கமாகத் திறக்கும். மற்றவற்றில் மூடி இல்லை. சிறு துளை வழியாகவே வித்திகள் வெளியேறும். பிரான்சில் மருந்தாளராக இருந்த எமில் பூடியே, 1885 இல் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே கிண்ணக் காளான்களை இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்தார். எங்களுடையவற்றில் மூடி இருந்தது.

ஐந்தாவது, அயடீன் சோதனை. மாப்பொருள் சோதனைக்கு நாம் பயன்படுத்தும் அதே அயடீன் கரைசல் இதற்கும் போதும். மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர்ப்பக்கத்தில் வடிதாளை வைத்தால் கரைசல் உள்ளே இழுபடும். சில காளான்களில் பையின் நுனி நீலமாக மாறும். மற்றவற்றில் மாறாது. எங்களுடையது நீலமாகவில்லை. ‘இல்லை’ என்பதும் ஒரு விடைதான், அதையும் குறித்துக்கொண்டோம்.

அளவு இல்லாமல் பெயர் இல்லை

ஆறாவது படிதான் பொறுமையைச் சோதிப்பது. வித்தியை அளக்க வேண்டும்.

ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீற்றர். இதை அளப்பதற்குப் பார்வை வில்லைக்குள் பொருத்தும் சிறு அளவுகோல் ஒன்று உண்டு. ஆனால் அந்த அளவுகோலின் ஒரு பிரிவு எத்தனை மைக்ரோமீற்றர் என்பது ஒவ்வொரு பெருக்கத்திலும் மாறும். அதனால் ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காகப் பிரித்த கண்ணாடி வழுக்கியோடு ஒப்பிட்டு, முன்கூட்டியே கணக்கிட வேண்டும். எங்கள் நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பார்வை அளவுகோலின் 100 பிரிவுகள் வழுக்கியின் 25 பிரிவுகளோடு பொருந்தின. வழுக்கியின் ஒரு பிரிவு 10 மைக்ரோமீற்றர். ஆகவே 25 பிரிவுகள் 250 மைக்ரோமீற்றர். அதை 100 ஆல் வகுத்தால், பார்வை அளவுகோலின் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர்.

அளவுகோல் இல்லாத பாடசாலைகள் சோர்ந்துபோக வேண்டாம். ஒளி ஊடுருவும் அடிமட்டத்தை 40 மடங்கில் வைத்து, தெரியும் வட்டத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அது 4.5 மில்லிமீற்றர் என்றால், 400 மடங்கில் வட்டம் 0.45 மில்லிமீற்றர், அதாவது 450 மைக்ரோமீற்றர். வட்டத்தின் குறுக்கே எத்தனை வித்திகளை அடுக்கலாம் என்று மதிப்பிட்டால் ஏறத்தாழ அளவு கிடைத்துவிடும்.

ஒரு வித்தியை அளந்து முடிவுக்கு வரக்கூடாது. முற்றிய வித்திகளில் குறைந்தது இருபதையாவது அளக்க வேண்டும். முற்றியவற்றைப் பெற ஓர் எளிய வழி இருக்கிறது. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து, சற்று மேலே ஒரு வழுக்கியைப் பாலம்போல வைத்து, இரவு முழுவதும் ஈரமான பெட்டிக்குள் மூடிவிடுங்கள். காளான் தானாக எறிந்த வித்திகள் காலையில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

எங்களுடைய வித்திகள் நீள்வட்டமாக, நிறமற்றதாக, உள்ளே எண்ணெய்த் துளிகளோடு, மேற்பரப்பில் நுண்ணிய கரடுகளோடு இருந்தன. உரோமங்கள் கபில நிறம். நுனி கூர்மை, அடி வேர்போலக் கிளைத்திருந்தது. இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது ஸ்கூட்டெலீனியா என்ற சாதிப்பெயர் கிடைத்தது. ஈர மரத்திலும் ஈர மண்ணிலும் உலகின் பல நாடுகளில் வளர்வது. உக்கிய பொருளை உண்பது. உயிருள்ள தேயிலைச் செடியைக் கொல்வதல்ல.

அந்தச் சாதிக்குள் எந்த இனம் என்று கேட்டால்? உரோமத்தின் நீளத்தையும் வித்திக் கரடின் உயரத்தையும் வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும். அதற்கு ஆயிரம் மடங்கு பெருக்கமும் விசேட சாயமும் வேண்டும். ஆகவே மாணவி தன் கொப்பியில் “ஸ்கூட்டெலீனியா, இனம் தெரியாது” என்று எழுதினாள். நான் அதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

சிறு வேறுபாடு எவ்வளவு பெரியதாகலாம் என்பதற்கு ஐரோப்பாவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே ஆஷ் என்ற மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. 1992 இல் போலந்தில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோயின் காரணம், உதிர்ந்த இலைக்காம்பில் வளரும் மிகச் சிறிய வெள்ளைக் கிண்ணக் காளான். கிழக்காசியாவிலிருந்து வந்தது. அதைப்போலவே தோற்றமளிக்கும் தீங்கற்ற ஐரோப்பியக் காளான் ஒன்றும் உண்டு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மரபணுச் சோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. பிறகு நுணுக்குக்காட்டியில் கவனமாகப் பார்த்தபோது, கொல்லும் காளானின் பைகளின் அடியில் மட்டும் ஒரு சிறு கொக்கி இருப்பது தெரிந்தது.

இரண்டாவது பொட்டலம்

சிவப்புக் கிண்ணம் குற்றமற்றது என்று தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். மாணவிதான் கேட்டாள்: “அப்ப அந்தச் செடி ஏன் டீச்சர் பட்டுப்போச்சு?”

சரியான கேள்வி. பட்டுப்போன செடியின் அடித்தூரைச் சுரண்டிக் கொண்டுவரும்படி அந்த அக்காவிடம் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் வந்த பொட்டலத்தில் சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில், எரிந்த கரியைப்போல உடையும் பொருக்கு இருந்தது. “அது சும்மா கரி மாதிரித்தான் இருந்துச்சு, அதனால நான் கண்டுக்கல்ல” என்று அவர் சொன்னாராம்.

பொருக்கை வெட்டிப் பார்த்தோம். உள்ளே கிண்ணமில்லை, மூடிய சிறு குடுவைகள். குடுவைக்குள் பைகள். பைக்குள் அதே எட்டு வித்திகள். ஆனால் இவை நிறமற்றவையல்ல. கடுங்கபில நிறத்தில், தோணி வடிவில், ஏறத்தாழ 30 மைக்ரோமீற்றர் நீளத்தில் இருந்தன. கிண்ணக் காளானுக்குத் தூரத்து உறவு, குணத்தில் நேர்மாறு.

இதைப்பற்றி ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னரே ஒருவர் எழுதியிருக்கிறார். ரொம் பெச் என்ற ஆங்கிலேயர் 1905 இல் பேராதனைக்குப் பங்கசு ஆய்வாளராக வந்தார். 1925 இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதற் பணிப்பாளரும் அவரே. தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி 1923 இல் அவர் வெளியிட்ட நூலில், உஸ்டுலீனா என்ற பங்கசினால் வரும் கரிக்கட்டை அழுகல் விவரிக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரவிலியா நிழல்மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டால், நோய் அதில் குடியேறி வேர் வழியாகத் தேயிலைக்குப் பரவும். இலங்கைப் பங்கசுகளை எல்லாம் பட்டியலிட்டு அவர் பிஸ்பி என்பவரோடு சேர்ந்து எழுதிய நூல், அவர் மறைந்த பின் 1950 இல் வெளிவந்தது.

நாங்கள் வைத்தியம் சொல்லவில்லை. அது எங்கள் வேலையுமல்ல. கண்டதை, அளந்ததை, வரைந்த படத்தை ஒரு தாளில் எழுதி, “இதைத் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், அடிக்கட்டை எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்” என்று கொடுத்தனுப்பினோம். அவர்கள் வந்து பார்த்து, பட்ட செடியையும் அருகில் இருந்த இரண்டு செடிகளையும், மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய அடிக்கட்டையையும் வேரோடு தோண்டி அகற்றினார்கள். சிவப்புக் கிண்ணம் முளைத்த கட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். துண்டில் மற்றைய செடிகள் நிற்கின்றன.

பயமுறுத்தும் நிறத்தில் இருந்தது தன் பாட்டில் உக்கிய மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. யாரும் கவனிக்காத கறுப்புப் பொருக்கு செடியைக் கொன்றது. உள்ளே பார்க்காமலிருந்தால் பழி சிவப்பின்மேல் விழுந்திருக்கும். நோய் அடுத்த செடிக்குப் போயிருக்கும்.

நீங்களும் தேடலாம்

கைவில்லையோடு ஒரு மழைநாளின் மறுநாள் நடந்து பாருங்கள். கவ்வாத்துச் சுள்ளிகளில் வெண்ணிற உரோமத்தோடு நிற்கும் ஊசித்தலையளவு கிண்ணங்கள் லக்னமாக இருக்கலாம். மெழுகுபோல ஒளி ஊடுருவும் மிகச் சிறியவை ஓர்பிலியாவாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் மண்ணுக்குள் சுருக்குப் போட்டு நுண்புழுக்களைப் பிடித்துத் தின்பவையும் உண்டு. சாணத்தில் வளரும் அஸ்கோபோலசின் வித்திகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஊதா நிறத்தில் மின்னும். எதையும் வாயில் வைக்காதீர்கள். கடதாசிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். கண்டுபிடித்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உக்கிய கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே வெளியே எறியச் சொல்லாதீர்கள். துவைற்சின் காலத்தில் நம் மலைப் பங்கசுக்குப் பெயர் தேடக் கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையின் முதற்படியைச் செய்யத் தேவையான கருவி, பிள்ளையின் பாடசாலை ஆய்வுகூட அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்த அக்கா சில நாட்களுக்குப் பிறகு கடைக்கு வந்து, ஒரு பை நிறைய பேரிக்காய் வைத்துவிட்டுப் போனாராம். “படிச்ச புள்ளைக்கு” என்று சொன்னாராம். மாணவி அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். எண்ணிப் பங்கிட்டோம்.